தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) 40 அடி ரோடு என்றால் உண்மையில் எவ்வளவு?

மலேசியாவில், சிம்பாங் அம்பாட்டில் புது லிங்க் ஹவுஸ் (வரிசை வீடு) பார்த்திருக்கோம். பிளானில் ரோடு 40 அடி. நேற்று நானே டேப் பிடிச்சு அளந்தேன், தார் 20 அடிதான். மாமியாருக்கு ஆஸ்துமா, நடுராத்திரி ஆம்புலன்ஸ் வாசல் வரை வரணும். பக்கத்து நிலத்து வழியா மெயின் ரோட்டுக்குக் குறுக்குப் பாதை உண்டு, எப்பவும் போகலாம் என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா அண்ணா?

பதில் 1
தங்கச்சி, 40 அடி என்பது ரிசர்வ், அதாவது ரோட்டுக்குன்னு ஒதுக்கின மொத்த அகலம். லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), நடைபாதை, விளக்குக் கம்பம் எல்லாம் அதுக்குள்ளேதான். 20 அடி தாரில் ரெண்டு பக்கமும் கார் நின்னா, தலைக்கு 6 அடி போக மிச்சம் 8. தீயணைப்பு வண்டியே ஏறக்குறைய அந்த அகலம். ராத்திரி 9 மணிக்கு மேல், ஆள் குடிவந்த பக்கத்து லோரோங்கில் (சந்தில்) போய் நின்னு பாருங்க.

பதில் 2
பாதையை வாய்ப்பேச்சில் விடாதீங்கம்மா. 1965 தேசிய நிலச் சட்டம் பிரிவு 284: எத்தனை வருஷம் நடந்தாலும் வழியுரிமை தானா வராது. கிராண்டில் (நிலப் பட்டாவில்) பதிவாகணும். எங்க பாதையில் 14 வருஷம் பைக் ஓட்டினோம். ஒரு காலையில் முள்கம்பி நின்னது.

கேட்டவர்
வக்கீலிடம் சொல்லி கிராண்டைப் பார்க்கிறேன். அதுவரை புக்கிங் பணம் கட்டலை.