பயோமார்க்கருக்கு என்ன சொல்? நாளை அச்சுக்குப் போகிறது

கிளிநொச்சி, தாதி:
எல்லோருக்கும் வணக்கம். நீரிழிவு கிளினிக்குக்கு ஒரு துண்டுப்பிரசுரம் தமிழாக்குகிறேன். எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனி அளவு), எல்டிஎல் (ஒருவகைக் கொலஸ்ட்ரோல்), சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்) எல்லாவற்றையும் ‘பயோமார்க்கர்’, அதாவது உடல்நிலையைக் காட்டும் அளவு, என்று ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். ‘உயிர்ச்சுட்டி’ என்று போடவா?

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தங்கச்சி, சுட்டு நல்ல வேர்தான், அ, இ, உ மூன்றையும் தொல்காப்பியமே சுட்டு என்கிறது. ஆனால் சுட்டியைக் கணினிக்காரர் மவுஸுக்கு எடுத்துவிட்டார்கள். தவிர, சுடுதலும் உள்ளே நுழைந்துவிடும், ஒட்டுசுட்டான் என்ற ஊர்ப்பெயருக்குச் சொல்லும், குரக்கன் ஒட்டை (அறுத்தபின் நிற்கும் தாளை) சுட்ட கதை தெரியும்தானே (அதைத் தனிமடலில் விரிவாக எழுதுகிறேன்). எங்கள் பட்டிகளில் மாட்டுக்குக் குறி சுடுகிறோம், கண்டதும் யாருடைய மாடென்று தெரிந்துவிடும். ‘குருதிக்குறி’ என்று போடுங்கள்.

வவுனியா, ஆய்வுகூடம்:
சேர், அந்த மாட்டுக்குறி எச்பிஏ1சிக்கு அச்சொட்டாகப் பொருந்தும். ஈமோகுளோபினில் ஒட்டிய சீனி, செங்குழியம் சாகும்வரை, ஏறத்தாழ 120 நாள், கழலாது. கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் பாணை விட்டுவிட்டு வருகிறவரும் பிடிபடுவார். 6.5 சதவீதமோ மேலோ என்றால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்திய நிலை. இரத்தச்சோகை, தலசீமியா இருந்தால் பிழையாகக் காட்டலாம், அதையும் பிரசுரத்தில் போடுங்கள். ஆனால் எல்டிஎல் வெறும் குறியில்லை, நாடிச்சுவரில் போய்ப் படிகிற ஆளே அதுதான். கள்ளனையே காலடித்தடம் என்பதா?

புதுக்குடியிருப்பு:
குறி என்றால் என் அம்மா கோயிலில் குறி கேட்பதைத்தான் நினைப்பார். மாரடைப்பு வந்தே தீரும் என்று யாரோ குறி சொன்னதுபோல் ஆகிவிடும். சிஆர்பி காய்ச்சலுக்கும் ஏறும், அதற்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியுமா? குருதியும் வேண்டாம். ‘ரத்தம் குத்தியாச்சா’ என்றுதான் வரிசையில் கேட்கிறார்கள்.

முள்ளியவளை:
இரத்தம் வடசொல்.

புதுக்குடியிருப்பு:
கிளினிக்கை என்ன செய்யப் போகிறீர்கள் சேர்?

கிளிநொச்சி:
சரி, தனிமடலில் நாலு பேர் ‘இரத்தக் குறிகாட்டி’ என்றார்கள், அதையே அனுப்பிவிட்டேன். நீரிழிவுக்குப் பக்கத்தில் ‘சீனி வருத்தம்’ என்றும் சேர்த்திருக்கிறேன். அச்சகக்காரர் அதை இரண்டு தரம் நீக்கிவிட்டார். எல்டிஎல் பற்றிய வரியில் மட்டும் குறிகாட்டி என்று எழுதாமல் ‘கூடாத கொழுப்பு’ என்று விட்டேன்.

முள்ளியவளை:
குறியும் காட்டும், காட்டியும் காட்டும், ஒன்றையே இரண்டு தரம் சொல்லியிருக்கிறீர்கள். ஒட்டுசுட்டான் மடல் கிடைத்ததா?