பிளஸ் ஒன்னில் கோ-கோ, சிலம்பம், என்.எஸ்.எஸ்.: எதை வைத்துக்கொள்வது?

பிளஸ்ஒன் மாணவி:
அரசு உதவி பெறும் பள்ளி, கணிதம் – கணினி அறிவியல் குரூப். ஒன்பதாவதிலிருந்து பள்ளி கோ-கோ அணியில் ஆடுகிறேன். போன வருஷம் பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, அடுத்த கட்டமான வருவாய் மாவட்டப் போட்டி வரை போனோம். சனி, ஞாயிறு சிலம்பம். இப்போது என்.எஸ்.எஸ்.ஸிலும் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேரச் சொல்கிறார்கள். டியூஷனோடு மூன்றும் முடியாது. இன்ஜினியரிங் படிக்க ஆசை. எதை விடலாம்?

கரூர் அப்பா:
மூன்றையும் விடும்மா. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கோ-கோவுக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. அரை மார்க் குறைந்தாலே ரேங்க் எங்கேயோ போய்விடும். இரண்டு வருஷம்தான், அப்புறம் காலேஜில் ஆடிக்கொள்ளலாம்.

வேங்கை:
அண்ணா, பாதியைத்தான் சொல்கிறீர்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் தனியாக இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.கூட 2024 முதல் விளையாட்டில் சாதித்தவர்களுக்குத் தனி இடம் தருகிறது. தங்கச்சி, சிலம்பத்தையும் விடாதே. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

கரூர் அப்பா:
அந்த ஐ.ஐ.டி. இடத்துக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வின் ரேங்க் பட்டியலில் பெயர் வர வேண்டும், தேசிய அளவில் பதக்கமும் வேண்டும். அந்த 500 இடத்துக்கும் மாநிலம் முழுக்கப் போட்டி, தேசியப் பதக்கம் வைத்திருப்பவர்கள் முன்னால் நிற்பார்கள். வருவாய் மாவட்டத்தில் தோற்ற பெண்ணுக்கு ஏன் இந்த நம்பிக்கையைக் கொடுக்கிறீர்கள்?

மைதானத்து வாத்தியார்:
நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விளையாட்டுச் சான்றிதழை வைத்து இடம் வாங்கும் விஷயத்தில் கரூர் அப்பா சொல்வது சரி. ஆனால் சான்றிதழ் வராது என்பதால் ஆட்டத்தையே விடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒன்பதாவதிலிருந்து விடாமல் ஆடும் பிள்ளைக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் நாளின் நல்ல பகுதி. அதைப் பிடுங்கினால் அந்த நேரம் படிப்புக்குப் போகாது, போனுக்குப் போகும். நிறையப் பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன். பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு வருஷமாவது மூச்சு விடட்டும். கோ-கோவை மட்டும் வை. சான்றிதழுக்காகப் புதிதாக எதிலும் சேராதே.

கரூர் அப்பா:
பொதுத்தேர்வு இல்லை என்பதுதான் சார் ஆபத்தே. ஜே.இ.இ.யில் பாதி பிளஸ் ஒன் பாடம். அதில் கோட்டை விட்டால் பிளஸ் டூவில் பிடிக்க முடியாது.

என்.எஸ்.எஸ். டீச்சர்:
பாடத்தைப் பற்றி அவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாத்தியார் சார் என்.எஸ்.எஸ்.ஸையும் சான்றிதழ் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிட்டது வருத்தமாக இருக்கிறது. காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969ல் தொடங்கிய திட்டம் இது. எங்கள் பெண்களில் பலருக்கு அந்த ஏழு நாள் முகாம்தான் வீட்டை விட்டு வெளியே தங்கும் முதல் அனுபவம். நூறு பேருக்குச் சமைப்பதற்குக் கணக்குப் போடுவார்கள், பஞ்சாயத்துத் தலைவரிடம் நேரில் போய்ப் பேசுவார்கள். அணியில் ஒன்பது பேர்தான் களத்தில் இறங்க முடியும். இங்கே யாரையும் வெளியே உட்கார வைப்பதில்லை. தினமும் நேரமும் கேட்காது.

மைதானத்து வாத்தியார்:
முகாமைக் குறை சொல்லவில்லை டீச்சர். அவளுக்கே அதில் ஆசை இருந்தால் போகட்டும். “சேரச் சொல்கிறார்கள்” என்றுதானே எழுதியிருக்கிறாள்?

பிளஸ்ஒன் மாணவி:
சார் சொன்னது உண்மை. என்.எஸ்.எஸ். நானாகக் கேட்டதில்லை. ஆனால் டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு முகாமுக்குப் போக ஆசையாக இருக்கிறது. சிலம்பத்தை நிறுத்திவிடுகிறேன், அதில் மனசு ஒட்டவில்லை. வேங்கை அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். கோ-கோவை விட மாட்டேன். அங்கிள், காலாண்டில் கணக்கில் 90க்குக் கீழே போனால் அரையாண்டு வரை காலைப் பயிற்சிக்கு மட்டும் போகிறேன், மாலையை விட்டுவிடுகிறேன். சரியா?

கரூர் அப்பா:
இயற்பியலையும் சேர்த்துக்கொள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேங்கை:
கோபமெல்லாம் இல்லை. குறுவட்டப் போட்டி தேதி வந்ததும் இங்கே போடு.