மிசிசிப்பிக் கரைச் சாலையா, மேட்டுக் கிராமச் சாலையா? சைக்கிளுக்கு எது?

கரையோடி எழுதியது:
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெப்பின் ஏரியை ஒட்டிப் போகும் 35-ஆம் எண் சாலையை வேறொரு இழையில் மிகவும் புகழ்ந்திருந்தேன். "அது நெடுஞ்சாலை, சைக்கிளுக்கு ஏற்ற இடம் மேட்டிலுள்ள கிராமச் சாலைகள்தான்" என்று சிலர் மறுத்தார்கள். அந்தப் பேச்சை இங்கே வைத்துக்கொள்வோம்.

மிசிசிப்பி ஆறே அகன்று ஏரியாகிற இடம் பெப்பின். நீளம் சுமார் 22 மைல். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அண்ணாந்து பார்க்க வைக்கும் பாறைமேடுகள். மெய்டன் ராக் பாறை மட்டும் ஏரியிலிருந்து 400 அடி உயரம். மெய்டன் ராக், ஸ்டாக்ஹோம், பெப்பின் என்று சில மைலுக்கு ஒரு சிற்றூர் வரும். தண்ணீர் பிடிக்கலாம், உட்கார்ந்து ஏதாவது சாப்பிடலாம். தார் போட்ட ஓரப்பகுதியும் பெரும்பாலும் அகலமாகவே இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

மேட்டுமிதி எழுதியது:
கரையோடி அண்ணா, காட்சியில் குறையே சொல்லமாட்டேன். ஆனால் நாம் பேச வந்தது வண்டி நடமாட்டம் குறைந்த சாலையைப் பற்றி. அங்கேதான் 35 அடிபடுகிறது.

அந்த இடத்தின் அமைப்பைப் பாருங்கள். ஆறு, அதை ஒட்டி ரயில் பாதை, அப்புறம் சாலை, உடனே பாறை. இரண்டாவது சாலைக்கு இடமே இல்லை. உள்ளூர்க்காரர், சரக்கு டிரக், படகை இழுத்துப் போகிறவர், வாரக் கடைசியில் கூட்டமாக வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே சாலைதான். கிரேட் ரிவர் ரோடு என்ற சுற்றுலாப் பாதையில் அதுவும் சேர்த்தி என்பதால் இலை நிறம் மாறும் அக்டோபரில் கார்கள் வரிசை கட்டும்.

இப்போது கரையை விட்டு உள்ளே வாருங்கள். கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. அதனால் இங்கே நிலம் மட்டமாகவில்லை. மேலே கெட்டியான டோலமைட், கீழே மெதுவான மணற்கல், இரண்டையும் ஓடைகள் அறுத்து அறுத்து எண்ணற்ற கிளைப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கிவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு சாலை, அந்தச் சாலையில் சில பண்ணைகள். இருக்கிற கொஞ்ச வண்டிகளும் இத்தனை சாலைகளில் பிரிந்துவிடுகின்றன. பால் எடுக்கும் டாங்கர் எல்லாப் பருவத்திலும் பண்ணைக்கு வந்தாக வேண்டும் என்பதால் இந்த ஒதுக்குப்புறச் சாலைகளுக்கும் தார் போட்டிருக்கிறார்கள். ரோடு பைக்கின் மெல்லிய டயருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கரையோடி எழுதியது:
தம்பி, வண்டி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறைவு என்றால் பாதுகாப்பு என்று ஆகிவிடுமா? உங்கள் கிராமச் சாலைகளில் ஓரப்பகுதியே கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் புல், அப்புறம் பள்ளம். வளைவுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. அந்தச் சாலையில் தினமும் பிக்கப் ஓட்டுகிறவர் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற பழக்கத்தில் 55 மைல் வேகத்தில் வருவார். 35-இல் வருகிறவர் சைக்கிளை எதிர்பார்த்தே வருகிறார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டிதான் என்றாலும் அந்த ஒன்று போதும்.

விழுந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்தப் பள்ளங்களில் செல்போன் சிக்னல் கிடைப்பதே அபூர்வம்.

இன்னொன்று. மேட்டில் வண்டியே இல்லை என்கிறீர்கள். ஸ்பார்ட்டாவிலிருந்து கேஷ்டன், வெஸ்ட்பி, விரோக்வா போகிற 27-ஆம் எண் சாலை மேட்டின் மேலேதானே ஓடுகிறது? அதில் டிரக் குறைவா என்ன?

செண்பகம் எழுதியது:
இரண்டு பேரும் தனியாக, வேகமாக ஓட்டுகிறவர்களை மனதில் வைத்தே பேசுகிறீர்கள். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு இரண்டுமே ஆகாது. எங்களுக்குச் சைக்கிள் பாதையாக மாற்றிய பழைய ரயில் தடங்கள் இருக்கின்றன. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் தடத்தில் ஏற்றம் இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் லேன்ஸ்பரோ வழியாகப் போகும் ரூட் ரிவர் ட்ரெயில் 42 மைல், முழுக்கத் தார். பாறைமேடுகளுக்கு நடுவே ஆற்றைத் திரும்பத் திரும்பப் பாலத்தில் கடந்து போகலாம். கார் கண்ணிலேயே படாது.

எல்ராய்–ஸ்பார்ட்டா தடமும் இருக்கிறது, 32 மைல். 1960களிலேயே ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய முன்னோடி அது. ரயிலுக்காக மலையைக் குடைந்த மூன்று குகைகள். நார்வாக் பக்கம் உள்ள குகை முக்கால் மைல் நீளம். உள்ளே ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர் உறைக்கும், மேலிருந்து தண்ணீர் கழுத்தில் சொட்டும், டார்ச் இல்லாவிட்டால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. நடுவில் நின்று பின்னால் திரும்பினால் நுழைந்த வாசல் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். என் மகள் அதைப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்தவள் அந்தப் பக்கம் வெளிவரும்வரை விடவில்லை.

புதியவன்_7 எழுதியது:
ஒரு சந்தேகம். மேட்டுச் சாலைகளுக்கு என்ன கியர் வேண்டும்? என் சைக்கிளில் பின்பக்கப் பல்சக்கரங்களில் 28 பல் உள்ளதுதான் பெரியது.

மேட்டுமிதி எழுதியது:
புதியவன், முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் உள்ள சக்கரம் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றிலிருந்து மேடு 500 அடிதான், ஆனால் அதை ஒன்றிரண்டு மைலுக்குள் ஏறிவிட வேண்டும். இடையிடையே பத்துப் பன்னிரண்டு சதவீத ஏற்றம் வருவது இங்கே சாதாரணம்.

செண்பகம் அக்கா, எல்ராய் தடத்தில் பொடிச் சுண்ணாம்புக்கல் போட்டிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு மெல்லிய டயர் அதில் அமுங்கும். பிள்ளைகளோடு போக அருமையான இடம்தான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் தடம் உங்களைக் கடைசிவரை பள்ளத்திலேயே வைத்திருக்கும். மேலே ஏறிப் பார்க்கிற அனுபவம் அதில் இல்லை.

கரையோடி அண்ணாவுக்கு: 27 விஷயம் உண்மை. அதனால்தான் எண் போட்ட மாநிலச் சாலையை விட்டுவிட்டு எழுத்து போட்ட கவுன்டி (மாவட்ட) சாலையைப் பிடியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆல்மாவில் நீங்கள் போற்றும் அதே 35-இலிருந்து கவுன்டி E பிரிகிறது. மூச்சு வாங்க ஏறினால் பியூனா விஸ்டா பூங்கா வரும். கீழே அணையும், தீவுகளாகப் பிரிந்து கிடக்கும் ஆறும், தீப்பெட்டி வரிசையாக நகரும் சரக்கு ரயிலும் தெரியும். நீங்கள் கீழே ஓட்டிய சாலையையே அங்கிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும்.

காலை நேரத்தையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் விடியும்போது ஆற்றோரம் முழுக்க மூடுபனி. கைப்பிடியில், கண்ணாடியில், முழங்கை முடியில் எல்லாம் நீர்த்துளி. அந்த நேரத்தில் 35-இல் உங்கள் பின்விளக்கு யாருக்குத் தெரியும்? ஏறிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சட்டென்று பனி கீழே போய்விடும். மேலே வெயில், மக்காச்சோளம், தெளிவான சாலை.

கரையோடி எழுதியது:
மூடுபனியில் 35-இல் போகக் கூடாது, அது சரி. வெயில் ஏறும்வரை காத்திருப்பேன். ஆனால் இறக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லையே? ஏறிய 500 அடியையும் இறங்கியாக வேண்டும். மழை பெய்தால் பண்ணை வழிகளிலிருந்து ஜல்லி அடித்துக்கொண்டு வந்து சரியாக வளைவில் கிடக்கும். கேஷ்டன் பக்கம், கார் ஓட்டாத கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் நிறைய. 40 மைல் வேகத்தில் வளைவைத் திரும்பி எதிரே ஒரு குதிரையைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?

மேட்டுமிதி எழுதியது:
40-இல் வரக் கூடாது அண்ணா. தெரியாத வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, சாலை எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் இறங்க வேண்டும். குதிரை தெரிந்தால் முன்னாலேயே குரல் கொடுத்து, நன்றாக விலகிப் போக வேண்டும். இவையெல்லாம் என் கையில் இருக்கிற ஆபத்து. 35-இல் பின்னால் வருகிற டிரக் ஓட்டுநர் போனைப் பார்க்கிறாரா, சாலையைப் பார்க்கிறாரா என்பது என் கையில் இல்லை. சைக்கிளை முந்தும்போது 3 அடி இடைவெளி விட வேண்டும் என்று விஸ்கான்சினில் சட்டமே இருக்கிறது. பள்ளத்தாக்குச் சாலையில் ஒருவர் எதிரே யாரும் இல்லாததால் முழு லேனையும் தாண்டி விலகிப் போவார். 35-இல் எதிரேயும் வண்டி வரும்போது அந்த 3 அடி எங்கிருந்து வரும்?

செண்பகம் எழுதியது:
எதிரே வண்டி வந்தால் பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டும், சட்டம் அதுதான். காத்திருப்பார்களா என்பதுதான் என் பயமும். இதில் மேட்டுமிதி பக்கம் நிற்கிறேன். ஏற்றமே வேண்டாம், வண்டியும் வேண்டாம் என்றால் எங்கே போவது?

மேட்டுமிதி எழுதியது:
கிக்கப்பூ ஆற்றோரம் 131-ஆம் எண் சாலைக்குப் போங்கள் அக்கா. ஒன்டாரியோ, லா ஃபார்ஜ், வயோலா, ரீட்ஸ்டவுன் வழியாகப் போகிறது. எண் போட்ட சாலைதான், ஆனாலும் ஆறு வளைகிற இடமெல்லாம் சாலையும் வளைவதால் அவசரக்காரர்கள் அதைத் தொடுவதில்லை. லா ஃபார்ஜில் ஓர் அணை கட்டத் தொடங்கி 1975-இல் பாதியில் விட்டார்கள். அந்த நிலம் இன்று 8,600 ஏக்கர் இயற்கைக் காப்பகம். ஒன்டாரியோவிலிருந்து வைல்டுகேட் மலைக்கு 33-ஆம் எண் சாலையில் ஏறிவிடாதீர்கள், அது வேறு கதை.

கரையோடி எழுதியது:
கிக்கப்பூ வெள்ளத்தையும் சொல்லிவிடுங்கள் தம்பி. 1978 வெள்ளத்துக்குப் பிறகு சோல்ஜர்ஸ் குரோவ் ஊரின் கடைத்தெருவையே மேட்டுக்கு மாற்றினார்கள். 2018 ஆகஸ்டில் மறுபடி சாலைகள் மூழ்கின. பெருமழை பெய்த மறுநாள் அங்கே போகிற எண்ணமே வேண்டாம்.

131 நல்ல சாலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஏரி இல்லை, கழுகு வட்டமிடும் அந்த அகலம் இல்லை. வார நாளில் பத்து மணிக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து பெப்பினுக்கு ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள். வாரக் கடைசியில் போக வேண்டாம், அதை உங்களுக்கு விட்டுத்தருகிறேன்.

மேட்டுமிதி எழுதியது:
வார நாள் என்றால் வருகிறேன் அண்ணா. திரும்பும்போது ஆல்மாவரை போய், கவுன்டி E-இல் நீங்கள் என்னோடு ஏற வேண்டும். புதியவன், அதற்குள் பின்கியரை மாற்றிவிட்டால் நீங்களும் வரலாம்.