மேக்புக்கில் பூட்டுப் படம் வருகிறது, ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது

குடியாத்தம்_பையன்:
2015 மேக்புக் ப்ரோ. தங்கை கல்லூரிக்கு எடுத்துப் போகட்டும் என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஓஎஸ் போட நினைத்து, கமாண்ட், R இரண்டு கீயையும் அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் ஒரு பூட்டுப் படம், கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம், அவ்வளவுதான். சும்மா ஆன் செய்தால் வழக்கம்போல் உள்ளே போகிறது. நான்கு வருடத்துக்கு முன் நானே வைத்த ஃபர்ம்வேர் பாஸ்வேர்டுதான், அதாவது வேறு வழியில் ஆன் செய்து ஓஎஸ் மாற்றாமல் தடுக்கும் பூட்டு. வேலூரில் ஒரு கடையில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

காட்பாடி_அண்ணன்:
கொடுக்காதீர்கள் தம்பி. பாஸ்வேர்டு போர்டில் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கிறது, பேட்டரியை எடுத்தாலும் அழியாது. 2011க்கு முந்தைய பல மாடல்களில் ரேம் என்ற மெமரி கார்டை மாற்றி வைத்தே நீக்க முடிந்தது, அந்தப் பழக்கத்தில் சொல்கிறார்கள் போல. ஆப்பிள் அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு, மேக்கையும் வாங்கியபோது கொடுத்த ஒரிஜினல் பில்லையும் நேரில் கொண்டு போங்கள். பில்தான் முக்கியம், அது இல்லாமல் தொடமாட்டார்கள்.

சத்துவாச்சாரி_அக்கா:
இப்போது உள்ளே போக முடிகிறதே, முதலில் போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். என் பில் வெள்ளைத் தாளாக மங்கிப்போய், விற்ற கடையில் கேட்டுத் திரும்ப அச்சடித்து வாங்கினேன். அடிப்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

குடியாத்தம்_பையன்:
பில் அப்பா பீரோவில் இருந்தது, நம்பரும் சரியாக இருக்கிறது! ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஃபைல் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.