போன் திரைக்குள் இருக்கிற தெருவுக்கு யார் பொறுப்பு?

மொட்டைமாடி:
எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோவில், போக்கிமான் கோ என்ற போன் ஆட்டத்தில் (தெருவில் நடந்து, கேமராவில் தெருவோடு சேர்ந்து தெரிகிற பொம்மை உயிரினங்களைப் பிடிக்கிற ஆட்டம்) ஒரு போக்கிஸ்டாப்பாம், அதாவது ஆடுகிறவர்கள் நேரில் வந்து ஆட்டத்துக்கான பொருள் வாங்கிக்கொள்கிற இடம். சாயந்திரமானால் நாலைந்து பையன்கள் பைக்கை அணைக்காமலேயே நின்று, திரையில் ஒரு வட்டத்தைச் சுழற்றிவிட்டுக் கிளம்புகிறார்கள், பூக்கடை அக்கா தினமும் கூடையை நகர்த்தி நகர்த்தி வைக்கிறார். சுவரில் போஸ்டர் ஒட்டினால் கிழித்துப் போடலாம். இதை எங்கே போய்க் கிழிப்பது? கோவிலில் யாரையும் கேட்காமல் இதை வைத்தது யார்?

ரயிலடி:
கம்பெனிக்காரன் உங்கள் தெருவுக்கு வந்திருக்க மாட்டான். இந்த ஆட்டத்தை உருவாக்கிய நியான்டிக் கம்பெனி இதற்கு முன்பு விட்ட இங்கிரெஸ் என்ற ஆட்டத்தில், ஆடியவர்களே சிலை, கோவில், படம் வரைந்த சுவர் என்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். 2016இல் அந்த இடங்கள்தான் பெரும்பாலும் போக்கிஸ்டாப் ஆயின. வாஷிங்டனில் யூத இனப்படுகொலையை நினைவுகூரும் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் அதில் மாட்டி, "இங்கே விளையாடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இட்லிப்பொடி:
கேமராவை அணைத்துவிட்டே ஆடலாம், அதனால் திரையில் தெரிகிற பொம்மை பிரச்சினையே இல்லை, கூடுகிற ஆள்தான் பிரச்சினை. ஆஸ்திரேலியாவில், சிட்னியின் ரோட்ஸ் என்ற பகுதியில் ஒரு சின்னப் பூங்காவில் மூன்று ஸ்டாப் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டது. நடுராத்திரி வரை நூற்றுக்கணக்கில் கூட்டம், சத்தம், குப்பை. அடுக்குமாடியில் இருந்தவர்கள் மேலேயிருந்து தண்ணீர் பலூன் எறிந்தார்கள் (எனக்கு அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை). கடைசியில் அந்த ஸ்டாப்களை எடுத்துவிட்டார்கள்.

ரயிலடி:
அதற்காக அமெரிக்காவின் மில்வாக்கி கவுன்டி (மாவட்டம் மாதிரி) போல சட்டம் போட்டாலும் நிற்காது. 2017இல் அந்தக் கவுன்டி, பூங்காவில் இப்படி ஆட்டம் விட அனுமதி வாங்கு, எத்தனை பேர் வருவார்கள், குப்பையை யார் அள்ளுவார்கள் என்றெல்லாம் எழுதிக்கொடு என்றது. ஒரு சின்ன ஆப் கம்பெனி வழக்குப் போட்டது, கருத்துரிமையில் கை வைக்கிறது என்று நீதிபதி தடை கொடுத்துவிட்டார். அங்கே வீட்டுக்காரர்கள் நியான்டிக் மேல் போட்ட வழக்கில் மட்டும் 2019இல் கொஞ்சம் பலன் கிடைத்தது: தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் ஸ்டாப் இருந்தால், வீட்டுக்காரர் புகார் செய்து எடுக்க வைக்கலாம் என்று அப்போது சமரசம் ஆனது. கோவிலுக்கு அது பொருந்தாது. ஆப்பிலேயே புகார் எழுதிப் பாருங்கள்.

மொட்டைமாடி:
சரி, தம்பி போனை வாங்கி இப்போதுதான் பார்த்தேன். ஆட்டத்தில் நம் பிள்ளையாருக்கு முருகன் கோவில் என்று பேர் போட்டிருக்கிறது. எடுக்கச் சொல்வது அப்புறம், முதலில் இதைத் திருத்தச் சொல்லி எழுதுகிறேன்.