கீழ்ப் பல்செட் நாக்குப் பக்கம் குத்துகிறது: எலும்பைக் குறைத்த அன்றே போடலாமா?

நோயாளிக்கு வயது 66, சர்க்கரை கட்டுப்பாட்டில். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எதுவும் எடுப்பதில்லை. கீழ்ப் பற்களை எடுத்து ஆல்வியோலோபிளாஸ்டி (பல் இருந்த எலும்பைச் சீராக்குவது) செய்து 10 வாரம், ஈறு ஆறிவிட்டது. புது செட் போட்டதிலிருந்து விழுங்கும்போது இடது கடைவாயில் சுருக்கென்று வலி. விரல் வைத்தால் மைலோஹையாய்டு மேடு (கீழ்த்தாடையின் நாக்குப் பக்க எலும்பு வரம்பு) கத்தி விளிம்பு மாதிரி தட்டுகிறது. மேலே மெல்லிய ஈறு, அதில் புண்.

பிரஷர் பேஸ்ட் (செட் அழுத்தும் இடத்தைக் காட்டும் பசை) தடவி, செட்டில் பட்ட இடத்தைத் தேய்த்தாயிற்று. டிஷ்யூ கண்டிஷனர் (செட்டின் உட்புறம் போடும் மென்பூச்சு) மென்மையாக இருக்கும்வரைதான் நிம்மதி. பிளாஞ்சை (செட்டின் ஓர விளிம்பு) இன்னும் குறைத்தால் செட் தூக்குகிறது. ஓபிஜியில் (தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே) வேர்த்துண்டு இல்லை. கடியும் சரி.

இனி மேட்டைக் குறைப்பதுதான் வழி. லிங்குவல் நரம்பு (நாக்குக்கு உணர்வு தருவது) பக்கத்திலேயே ஓடுவதால் நிதானமாகத்தான் கைவைக்க வேண்டும். இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: மேட்டில் ஒட்டிய தசையைப் பிரித்து எலும்பைத் தேய்த்ததும், இதே செட்டின் பிளாஞ்சை நீட்டி அன்றே போடலாமா, ஆறும்வரை செட் இல்லாமல் விடுவதா?