கோத்தகிரியில் ஆடிட்டர் கிடைப்பாரா?

கேள்வி: ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி கடை. பெங்களூருக்கும் கூரியரில் அனுப்புகிறோம். ஜிஎஸ்டிக்கு உள்ளூர் ஆள் போதுமா, கோவைக்குப் போகணுமா?

குன்னூர்வாசி: உள்ளூரே போதும்ங்க. ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது அரசிடம் பதிவு பெற்ற வரி ஆலோசகர் போதும். வருமான வரி ஆடிட் கையெழுத்துக்குத்தான் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) வேணும். அவர் தரும் சான்றிதழில் 18 இலக்க யூடிஐஎன் (சான்றிதழ் உண்மையானதான்னு சரிபார்க்கும் எண்) இருக்கான்னு பாருங்க.

மலைக்கடை: வெளிமாநிலத்துக்குச் சரக்கு போவதால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பு உங்களுக்குப் பொருந்தாது, பதிவு கட்டாயம். விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டமும் கிடைக்காது. வாடகைக் கடைன்னா ஒப்பந்தத்தோடு ஈபி பில்லும் வைங்க. பில்லில் பழைய உரிமையாளர் பெயர் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கலாம்.

குன்னூர்வாசி: இன்னொண்ணு, இதை விட்டுடாதீங்க. பதிவில் உங்க மொபைல், மெயில்தான் இருக்கணும். ஆடிட்டர் நம்பரைப் போட்டால் ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். பிறகு ஆளை மாற்ற வரி அலுவலகத்துக்கு மனுவோடு அலையணும்.